வேண்டாம் என்று சொல்வது யார் வேலை?

ஆன்லைன் சான்றிதழ் வகுப்புகளில் சேரச் சொல்லி விளம்பரங்கள் வரத் தொடங்கியதிலிருந்து வாசகர் கடிதங்களில் அதிகம் வருவது ஒரு கேள்விதான். புராஜெக்ட் மேனேஜருக்குப் படிப்பதா, புராடக்ட் மேனேஜருக்குப் படிப்பதா? இரண்டும் ஒன்றுதானே என்கிறார்கள் சிலர். இரண்டாவதில் சம்பளம் கூடவாமே என்கிறார்கள் வேறு சிலர்.

விளம்பரங்கள் புராடக்ட் மேனேஜரை 'குட்டி சி.இ.ஓ.' என்கின்றன. சி.இ.ஓ. ஆள் எடுப்பார், வீட்டுக்கும் அனுப்புவார். புராடக்ட் மேனேஜருக்குக் கீழே பெரும்பாலும் ஒரு புரோகிராமர்கூடக் கிடையாது. எதைச் செய்வது, யாருக்காகச் செய்வது என்று முடிவெடுப்பவர் புராடக்ட் மேனேஜர். முடிவானதைச் சொன்ன தேதிக்கு, சொன்ன செலவில் முடித்துக் கொடுப்பவர் புராஜெக்ட் மேனேஜர். ஸ்பிரிண்ட், ரோட்மேப் வகையறாக்களை ஐ.டி.யில் ஒரு வருடம் இருந்த யாரும் சொல்லிவிடுவார்கள். உண்மையான வித்தியாசம் தெரிய வேண்டுமானால் பில்லைப் பார்க்க வேண்டும்.

சென்னையின் சர்வீஸ் கம்பெனி ஒன்று வெளிநாட்டு கிளையண்டிடம் மொத்தமாக விலை பேசி வேலை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்னென்ன செய்து தருவது என்று பட்டியல் போட்டுக் கையெழுத்தாகிவிடும். பாதி வழியில் கிளையண்ட், "இன்னொரு ரிப்போர்ட் வேண்டும்" என்பார். புராஜெக்ட் மேனேஜர் மறுக்க மாட்டார். சேஞ்ச் ரெக்வெஸ்ட் போடுவார், தொழிலில் சி.ஆர். என்பார்கள். எத்தனை ஆள், எத்தனை நாள், எவ்வளவு பணம், தேதி எவ்வளவு தள்ளும் என்று எழுதி, கிளையண்டின் ஒப்புதல் வாங்கிய பிறகே வேலை தொடங்கும். நேர்மையாக நடந்தால் இது இரு தரப்புக்கும் பாதுகாப்புதான். ஆனால் கிளையண்டின் குழப்பம் முழுவதையும் வருமானமாக மாற்றும் சாமர்த்தியமும் இதற்குள் இருக்கிறது. குறைந்த விலை சொல்லி ஒப்பந்தத்தைப் பிடித்துவிட்டு, விட்டதை சி.ஆரில் எடுக்கும் வித்தை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அந்த ரிப்போர்ட்டை யாராவது திறந்து பார்ப்பார்களா என்று கேட்க சி.ஆர். படிவத்தில் இடமே இல்லை. கேட்பதற்கு யாருக்கும் சம்பளமும் இல்லை.

ஜோஹோ, ஃபிரெஷ்வொர்க்ஸ் போன்ற, சொந்த மென்பொருளைப் பலருக்கும் விற்கும் புராடக்ட் கம்பெனியில் கணக்கு தலைகீழ். ஒரு வாடிக்கையாளர் கேட்டதற்காகச் சேர்த்த பட்டனுக்கு அவர் தனியாகப் பணம் தரப்போவதில்லை. அதை ஒவ்வொரு ரிலீஸிலும் சோதிக்க வேண்டும். கஸ்டமர் சப்போர்ட்டில் விளக்க வேண்டும். கேட்காதவர்களின் திரையிலும் அது உட்கார்ந்திருக்கும். செலவு முழுக்கக் கம்பெனி தலையில். அதனால்தான் "வேண்டாம்" என்று சொல்லவே புராடக்ட் மேனேஜர் என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள்.

அப்படி ஒருவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க அரசு பெரும் செலவில் காட்டியது. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்காகக் கட்டிய ஹெல்த்கேர் டாட் கவ் இணையதளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. முதல் நாளில் காப்பீட்டில் சேர்ந்தவர்கள் 6 பேர் என்று பிறகு வெளிவந்த உள்குறிப்புகள் சொல்லின. எதிர்பாராத கூட்டம் என்று அரசு சமாதானம் சொன்னது. கூட்டம் வந்தது உண்மைதான். ஆனால் கணக்குத் தொடங்காமலே காப்பீட்டு விலைகளைப் பார்க்கும் வசதியைத் திறப்புக்குச் சில வாரங்கள் இருக்கையில் அரசே நிறுத்தச் சொன்னதை என்னவென்பது? சும்மா விலை பார்க்க வந்தவர்களும் பதிவு வாசலில் வரிசை கட்ட, வாசலே அடைத்துக்கொண்டது. முக்கிய ஒப்பந்ததாரரான சி.ஜி.ஐ. ஃபெடரலுக்குத் தந்தது, ஆன செலவைத் திருப்பித் தரும் வகை ஒப்பந்தம். அதற்காக ஒதுக்கிய தொகை 5.6 கோடி டாலரிலிருந்து 20.9 கோடியைத் தாண்டியது. தேவைகள் மாறிக்கொண்டே இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றது அரசுத் தணிக்கை. தேதிக்குக் காவலர்கள் நிறைய இருந்தார்கள். சாமானியர் முதலில் விலையைத்தானே பார்ப்பார் என்று மல்லுக்கட்ட அதிகாரம் உள்ளவர் எவருமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

சர்வீஸிலிருந்து புராடக்டுக்கு மாற முடியுமா? முடியும்; பலர் மாறியிருக்கிறார்கள். இன்டர்வியூவில் எத்தனை சி.ஆர். வாங்கினீர்கள் என்பதைப் பெருமையாகச் சொல்லாமல் இருப்பது நல்லது.

சம்பளம்? பதவியின் பெயரைவிடக் கம்பெனியைப் பொறுத்தது.

கோடிங்? எழுத வராவிட்டால் பரவாயில்லை. இரண்டு வாரம் ஆகும் என்று புரோகிராமர் சொன்னால் ஏன் என்று கேட்கத் தெரிய வேண்டும்.

வேலையைச் சிறு சிறு கட்டங்களாகச் செய்யும் ஸ்க்ரம் முறையில் புராஜெக்ட் மேனேஜர் யார்? அதன் வழிகாட்டியில் அப்படியொரு பொறுப்பே கிடையாது; கம்பெனிகள் வைத்திருக்கின்றன.

புராஜெக்ட் மேனேஜர்களுக்கான பி.எம்.பி. சான்றிதழ்? கல்லூரி முடித்த கையோடு எழுத முடியாது. புராஜெக்ட்டை நடத்திய அனுபவம் கேட்பார்கள். விளம்பரத்தில் அது கடைசி வரியில், சின்ன எழுத்தில் இருக்கும்.