தெளிந்த நீர் தூய நீரா?

2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஜொகூர் மாநிலத்தின் பாசீர் கூடாங்கில் உள்ள கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டது. அதிலிருந்து எழுந்த நச்சுவாயுவைச் சுவாசித்ததால், பள்ளி மாணவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற நேர்ந்தது. 111 பள்ளிகள் மூடப்பட்டன.

இத்தகைய இடங்களில் கழிவை அள்ளியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஓடும் நீர் விரைவில் தெளிந்துவிடும். அடியிலுள்ள சேறோ நஞ்சைப் பிடித்துவைத்து, சிறிது சிறிதாக நீரில் கலக்கவிடும். ஆகவே, நீரோடு மண்ணையும் சோதிக்க வேண்டும். மேல்மண் மட்டும் போதாது. துளையிட்டு ஆழத்திலிருந்தும் மாதிரி எடுப்பர். கழிவு கலந்த இடத்திற்கு மேற்புறத்தில், ஆறு மாசுபடாத பகுதியிலும் நீர் எடுப்பர். ஒப்பிட்டுப் பார்க்க அது தேவை.

மாதிரி எடுப்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பென்சீன் போன்ற இரசாயனங்கள் எளிதில் ஆவியாகிவிடும். எனவே, கண்ணாடிக் குப்பியில் நீரை விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, பனிக்கட்டி வைத்த பெட்டியில் ஆய்வகத்திற்கு அனுப்புவர். குப்பிக்குள் காற்று தங்கிவிட்டால், நஞ்சின் ஒரு பகுதி நீரைவிட்டு அந்தக் காற்றில் கலந்துவிடும். சோதனையோ ஆற்றில் உள்ளதைவிடக் குறைந்த அளவையே காட்டும்.