தராசு மறைக்கும் மூன்று கிலோ

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்க மாமனாருக்கு டிபி என்று உறுதியாயிற்று. மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் நர்ஸம்மா எடை பார்த்தார், உயரம் அளந்தார், விரலில் கிளிப் மாட்டினார், மூச்சை எண்ணினார், எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொன்னார். கடைசியில் கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கணும் என்று சொல்லிவிட்டார். நோய் நெஞ்சில் இருக்கிறது, காலை எதற்கு அழுத்த வேண்டும்?"

அங்கே நடந்த சோதனைகளிலேயே நுட்பமானது அந்தக் காலை அழுத்தியதுதான்.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியது. சென்னை நீங்கலான மாவட்டங்களின் அரசு மருத்துவ நிலையங்களில் இது நடக்கிறது. திட்டத்தை வடிவமைத்தவர்கள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தாரும் மாநிலக் காசநோய்ப் பிரிவும். காசநோய் மரணங்களில் பெரும்பாலானவை சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களுக்குள் நேர்கின்றன. மருந்து கிருமியைக் கொல்லத் தொடங்குவதற்கும் உடம்பு தேறுவதற்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் ஆளை இழக்கிறோம். அதனால் மருந்து தொடங்கும்போதே கடுமையாக மெலிந்தவர், மூச்சு திணறுபவர், எழுந்து நிற்க முடியாதவர் ஆகியோரைப் பிரித்தெடுத்துப் படுக்கையில் சேர்க்கிறார்கள். மூச்சு நிமிடத்துக்கு 24ஐத் தாண்டினாலோ, ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ, பிடிமானமின்றி நிற்க முடியாவிட்டாலோ ஆபத்து. கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் பிஎம்ஐ 14 அல்லது அதற்குக் கீழே இருந்தாலும் ஆபத்து. கடைசியாக ஒரு விதி: பிஎம்ஐ 14க்கும் 16க்கும் நடுவே இருந்து, கூடவே காலில் வீக்கமும் இருந்தால், அவரும் 14க்குக் கீழே உள்ளவரைப் போலத்தான்.

இந்தக் கடைசி விதியில் ஓர் அருமையான உடலியல் ஒளிந்திருக்கிறது. அதற்குப் போகும் முன் ஒரு செய்தி. 2025 ஜூனில் தமிழ்நாட்டின் 'டிபி சேவா' செயலியில் இறப்புக்கான வாய்ப்பைக் கணித்துச் சொல்லும் வசதி சேர்க்கப்பட்டது. கடுமையாக நலிந்தவருக்கு 10 முதல் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 1 முதல் 4 சதவீதம் என்று அது காட்டுகிறது. 'மரணத்தை முன்கூட்டியே சொல்லும் செயலி' என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் அதற்குள் என்ன போகிறது என்றும் பார்க்க வேண்டும். எடையும் உயரமும், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், எழுந்து நிற்பது ஆகிய அந்த ஐந்தே தகவல்கள்தான். கணக்கு நல்ல கணக்கு, நர்ஸை அவசரப்படுத்தும் வகையில் பயனுள்ளதும்கூட. ஆனால் கட்டை விரல் சரியாக அழுத்தாவிட்டால் செயலிக்கு ஒன்றும் தெரியாது.

14 என்பதன் பொருள் என்ன? 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் ஏறத்தாழ 36 கிலோவுக்கு வந்துவிட்டார் என்று பொருள். பட்டினியில் ஆண்கள் பொதுவாகப் பிழைத்திருக்கும் எல்லை 13 அளவில், பெண்களுக்கு 11 அளவில் என்று பஞ்சப் பதிவுகளிலிருந்து கணித்திருக்கிறார்கள். 14 என்றால் ஓர் ஆண் கிணற்றின் விளிம்பில் நிற்கிறார்.

இப்போது அதே உயரமுள்ள இன்னொருவர் தராசில் ஏறுகிறார். 38 கிலோ. பிஎம்ஐ 14.8, தாளில் தப்பித்துவிட்டார். காலை அழுத்தினால் குழி விழுகிறது. தோலுக்கடியில் இரண்டரை, மூன்று லிட்டர் நீர் கூடுதலாகத் தேங்கிய பிறகே இப்படிக் கண்ணுக்குத் தெரியும் குழி விழும் என்பது மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடம். மூன்று லிட்டர் நீர் மூன்று கிலோ. கழித்தால் 35 கிலோ, பிஎம்ஐ 13.7. ஆள் விளிம்பைத் தாண்டிவிட்டார், தராசு அதை மறைத்துவிட்டது.

சாப்பாடே இல்லாத உடம்பில் நீர் எங்கிருந்து வந்து சேர்ந்தது என்று கேட்கத் தோன்றும். பெரும்பகுதி எங்கிருந்தும் வரவில்லை, அது போகாமல் தங்கியது. இதைத் தெளிவாக அளந்தவர்கள் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் குழுவினர். 1944 நவம்பரில் தொடங்கிய அந்த ஆய்வில், போருக்குப் போக மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தார்கள். உடல் எடையில் ஏறக்குறைய கால்வாசி போயிற்று. தசை கரைந்தது, கொழுப்பு கரைந்தது. ஆனால் செல்லுக்கு வெளியே இருக்கும் நீர் மட்டும் ஏறத்தாழ பழைய அளவிலேயே நின்றது. இரத்தப் புரதம் பெரிதாகச் சரியாமலேயே பலருக்குக் கணுக்கால் வீங்கியது.

பழைய சோற்றுப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு சோற்றில் நீர் ஊற்றி வைக்கிறோம். காலையில் ஒவ்வொருவராக வந்து கையால் சோற்றை அள்ளிப் பிழிந்து எடுத்துப் போகிறார்கள், நீராகாரம் பானையிலேயே நிற்கிறது. சோறு பாதியாகிவிட்ட பிறகு பானையைத் தராசில் வைத்தால் எடை பாதியாகியிருக்காது, தண்ணீர் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். சோறு எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் கையை உள்ளே விட்டுத்தான் பார்க்க வேண்டும். நர்ஸின் கட்டை விரல் செய்வது அதைத்தான். உவமையை இன்னும் இழுக்கலாம். பானையைச் சாய்த்தால் நீர் தாழ்ந்த பக்கம் சேரும். நடமாடுகிறவருக்குத் தாழ்ந்த பக்கம் கணுக்கால். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அது இடுப்பின் பின்பக்கம், அவரைப் புரட்டி அங்கே அழுத்த வேண்டும், காலை மட்டும் பார்த்தால் தவறிப்போகும். உப்பு கூடினால் உடம்பில் நீர் இன்னும் நிற்கும். பானையை வெயிலில் வைத்தால் நீர் வற்றும்: காய்ச்சலில் வியர்த்து, வாந்தி பேதியில் வறண்டவர் எவ்வளவு மெலிந்திருந்தாலும் அவர் காலில் குழி விழாது. நல்லவேளை, அவரிடம் தராசே உண்மையைச் சொல்லிவிடும். பானை மண்ணால் ஆனது, தோலோ தொய்யும் என்பதில்தான் உவமை உடைகிறது. கொழுப்பும் தசையும் போன இடத்தில் தோலும் திசுவும் தளர்ந்து, நீருக்கு இடம் விட்டுக் கொடுத்துவிடுகின்றன.

குழி ஏன் சில நொடிகள் அப்படியே நிற்கிறது? நலமான உடம்பில் செல்களுக்கு நடுவே உள்ள நீர் ஓடும் நீரல்ல. கொலாஜன் நார்வலையில் பின்னிய கூழுக்குள் அது பிடிபட்டிருக்கிறது, தனியாக ஓடுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே அழுத்தமும் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவு. அதனால் நம் காலை அழுத்தி எடுத்தால் தோல் உடனே நிமிர்ந்துவிடுகிறது. நீர் கூடக்கூடக் கூழ் கொஞ்சம் உப்பித் தாங்குகிறது. ஓர் எல்லைக்குப் பிறகு தாங்க முடியாமல், கூழுக்கு வெளியே சிறு சிறு குட்டைகளாக நீர் விடுபடுகிறது. விரல் அழுத்தும்போது அந்த நீர் பக்கவாட்டில் விலகுகிறது, விரலை எடுத்ததும் ஊர்ந்து ஊர்ந்துதான் திரும்பி வருகிறது. அந்தத் தாமதம்தான் குழி. முதல் இரண்டு லிட்டர் கூழுக்குள் மறைந்துவிடுவதால்தான் வீக்கம் எப்போதும் தாமதமாகக் கண்ணில் படுகிறது.

கால் வீக்கம் என்றாலே பட்டினி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதயம், சிறுநீரகம், கல்லீரல், யானைக்கால், வைட்டமின் பி1 குறைவு என்று காரணங்கள் பல. ஒற்றைக் கால் மட்டும் திடீரென்று வீங்கினால் இரத்தக் கட்டியாக இருக்கலாம். மெலிந்த உடம்பும் வீங்கிய காலும் சேர்ந்து வருவதற்கே இங்கே மதிப்பு. அப்படி வந்தவரைப் படுக்கையில் சேர்த்தபின் காரணத்தைத் தேடலாம்.

இந்த இடத்தில் பல வீடுகளில் ஒரு லேப் ரிப்போர்ட் நீட்டப்படும்: ஆல்புமின் குறைவு, ஆகவே சத்துக் குறைவு, ஆகவே டப்பா புரதப் பவுடர். இந்தச் சங்கிலி அறுந்து பல காலமாகிறது. கிருமித் தொற்றில் கல்லீரல் ஆல்புமின் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டு வேறு புரதங்களைச் செய்யப் போய்விடுகிறது. நன்றாகச் சாப்பிட்டவருக்கும் கடும் காய்ச்சலில் ஆல்புமின் இறங்கும். எலும்பும் தோலுமாகப் பட்டினி கிடப்பவருக்கு அது இயல்பாகவே இருக்கலாம். இரத்தப் புரதங்களைச் சத்துக்கான அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ ஊட்டச்சத்து வல்லுநர் சங்கம் 2020 இல் நிலைப்பாடே எடுத்துவிட்டது. மற்ற நாட்டு மருத்துவமனைகள் வயதுவந்தோரிடம் கேட்கும் முக்கியக் கேள்விகள் மிக எளியவை: முயலாமல் எடை குறைந்ததா, பசியின்றிச் சாப்பாடு குறைந்ததா. ஆறு மாதத்துக்கு முந்தைய எடை நம்மூரில் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஆனால் ஜாக்கெட் தொளதொளவென்று ஆனதும், மோதிரம் கழன்று விழுந்ததும், வேட்டி இடுப்பில் நிற்காததும் எல்லோருக்கும் தெரியும். கேட்டால் சொல்வார்கள்.

பசி என்றதும் அண்ணாமலையார் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக அன்னதானம் நடக்கும் ஊரில் ஒருவர் பட்டினியால் 36 கிலோ ஆவாரா என்று கேட்கலாம். ஆவார். காசநோய் முதலில் தின்பது பசியை. இலை போட்டு முன்னால் வைத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. அதனால்தான் இந்த மெலிவை வீட்டார் பிடிவாதம் என்றும், வயசு என்றும் எண்ணி விட்டுவிடுகிறார்கள்.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். 1956 இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இன்றைய சேத்துப்பட்டு தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை சானடோரியத்திலும் மறு பாதியை வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தது. வீட்டிலிருந்தவர்கள் சாப்பாட்டில் குறைந்திருந்தார்கள், எடையும் குறைவாகவே ஏறினார்கள், ஆனாலும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். 1959 இல் வெளிவந்த இந்த முடிவு உலகெங்கும் ஏழை நோயாளிகளை வீட்டிலேயே குணப்படுத்த வழி திறந்தது. அது மாபெரும் நன்மை. ஆனால் 'சாப்பாடு அவ்வளவு முக்கியமில்லை' என்று அதைப் படித்துக்கொண்டவர்கள், நோயாளியைத் தராசில் ஏற்றுவதையே பல பத்தாண்டுகள் மறந்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஏன் சேர்க்க வேண்டும், வீட்டிலேயே முட்டையும் சூப்பும் கொடுத்துத் தேற்றக் கூடாதா? 14க்குக் கீழே உள்ளவரிடம் அந்த அன்பு ஆபத்தாக முடியலாம். நீண்ட நாள் பட்டினியில் கிடந்த உடம்புக்குத் திடீரென்று மாவுச்சத்தைக் கொட்டினால் இன்சுலின் பொங்கி, இரத்தத்தில் மிச்சமிருந்த பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்கிறது. இதயத் துடிப்பு தடுமாறும். இன்சுலின் உப்பையும் நீரையும் வேறு பிடித்து வைப்பதால் வீக்கம் கூடும். பிரிட்டனின் 2006 ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 14க்குக் கீழே உள்ளவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 5 கலோரி என்று தொடங்கி, இதயத் துடிப்பைக் கண்காணித்தபடி மெல்ல ஏற்றச் சொல்கிறது. 35 கிலோக்காரருக்கு முதல் நாள் 175 கலோரி, இரண்டு இட்லிக்குச் சற்றுக் கூடுதல். இதை வீட்டில் அளந்து செய்ய முடியாது.

தராசிலும் ஒரு குழப்பம் வரும். நன்றாகத் தேறுபவருக்கே முதல் வாரங்களில் வீக்கம் வடிந்து இரண்டு, மூன்று கிலோ இறங்கலாம். வீட்டார் பதறிவிடுவார்கள். குழி மறைந்தபின் காட்டும் எடைதான் அவரது உண்மையான தொடக்க எடை, ஏற்றத்தை அங்கிருந்து எண்ண வேண்டும்.

இந்த எண்ணிக்கைக்கு மதிப்பு இருப்பதை ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு காட்டியது. மங்களூரைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் சேத்துப்பட்டு நிறுவனமும் சேர்ந்து செய்தது. அங்கே 2,800 நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேர் பிஎம்ஐ 18.5க்குக் கீழே, ஏறக்குறைய பாதிப் பேர் 16க்கும் கீழே. எல்லா நோயாளிகளுக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பை தரப்பட்டது: அரிசி, வறுத்த கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய். இரண்டாம் மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவு. இந்த எண்ணைச் சுவரொட்டியில் போடுவதற்கு முன் நிதானிக்க வேண்டும். பிழைக்கப் போகிறவருக்குத்தான் எடையும் ஏறும், எது எதைக் கொண்டுவந்தது என்று இந்த எண் மட்டும் சொல்லாது.

அதே ஆய்வின் மறுபாதி அப்படியல்ல. நோயாளியின் வீட்டிலிருந்த 10,345 பேரில், குலுக்கல் முறையில் தேர்ந்த குழுவினருக்கு மட்டும் கூடுதலாக அரிசியும் பருப்பும் தந்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வந்தது 39 சதவீதம் குறைந்தது. ஒரு புதிய நோயாளியைத் தடுக்க 30 வீடுகளுக்கு உணவு தர வேண்டியிருந்தது. நோய் வந்தவருக்கு அரசு தரும் மாத உதவித்தொகை 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. அது நோயாளியின் பெயரில் வருவது, வீட்டிலுள்ள மற்றவர்களின் மெலிவுக்கு அதில் கணக்கில்லை. ஜவ்வாது மலையின் ஆரம்ப சுகாதார நிலையமானாலும் ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றியுள்ள வேங்கிக்கால் தெருவானாலும், நோயாளியுடன் இருப்பவர்களைச் சளிப் பரிசோதனைக்கு அழைக்கும் அன்றே அவர்களையும் தராசில் ஏற்றிவிடலாம். வீட்டார் போய் இதைக் கேட்டும் வாங்கலாம். புதிய கருவி எதுவும் வேண்டாம், தராசு ஏற்கெனவே அங்கே இருக்கிறது.