சோற்றோடு பயறும் வேண்டும்

நெல் விளைவிக்கும் கமக்காரர் இல்லத்திற் சோற்றுக்குக் குறைவிராது. எனினும், வயிறு நிறைய உண்டும் அடிக்கடி காய்ச்சலும் வயிற்றோட்டமும் கண்டு மெலியும் குழந்தைகள் உளர். இதற்குரிய காரணங்களுள் ஒன்று உணவிற் புரதங் குறைதலாகும்.

புரதமென்பது அமினோ அமிலங்கள் பல கோக்கப்பெற்ற மாலை போன்றது. இவ்வமிலங்கள் இருபது வகையின. அவற்றுள் ஒன்பதை உடல் தானே ஆக்கமாட்டாது. உணவினின்றே பெறல் வேண்டும்.

நோய்க்கிருமி உடலிற் புகுந்ததும் அதனை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய் விரைந்து பெருகுகின்றன. புதிய கலங்களைக் கட்டுதற்கும், பிறபொருளெதிரிகளை ஆக்குதற்கும் அமினோ அமிலங்களே மூலப்பொருள். அவற்றுள் ஒன்றாகிய குளுட்டமீன் இக்கலங்களுக்கு எரிபொருளாகவும் பயன்படுகின்றது. ஆர்சினீன் குறையுமாயின் ரீ கலங்கள் நன்கு பெருகா. உணவு மிகக் குன்றிய குழந்தைகளில், ரீ கலங்கள் முதிர்ச்சியடையும் இடமாகிய தைமசுச் சுரப்பியே சுருங்கிவிடுகின்றது.

அரிசியின் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கே புரதம். அதிலும் லைசீன் என்னும் அமிலம் போதாது. உலர்ந்த பயற்றில் ஏறத்தாழ 24 பங்கு புரதமும் மிகுந்த லைசீனும் உண்டு. பயற்றிற் குறைந்துள்ள மெதியோனீனை அரிசி ஈடுசெய்யும். ஆகவே, இரண்டையும் சேர்த்துண்ணின் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும்.

கமக்காரர் செய்யத்தக்கவை:

1. பெரும்போக அறுவடை முடிந்ததும், வயலில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு பயறு விதைக்கலாம். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் விளையும். அதன் வேர்முடிச்சுக்களில் வாழும் பற்றீரியங்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு உதவும்.

2. விளைந்த பயறு முழுவதையும் விற்றுவிடாது, விதைநெல்லை ஒதுக்குவது போல வீட்டுக்குரிய பங்கை முதலில் ஒதுக்குக.

3. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பயறு சேர்த்துச் சமைக்க. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குக் குழைய வேகவைத்து மசித்துக் கொடுக்க. முட்டையோ நெத்தலியோ கிடைப்பின் மிக நன்று. அவற்றில் ஒன்பது அமிலங்களும் போதிய அளவில் உள.

4. நோயுற்ற குழந்தைக்கு உணவை நிறுத்துதல் தவறு. அக்காலத்தில் வெண்குருதிக் கலங்களின் தேவைக்கு உடல் தன் தசையையே கரைக்கின்றது. சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்டுக; குணமான பின் சில நாட்களுக்கு ஒருவேளை உணவு கூட்டிக் கொடுக்க.

நல்லுணவு தடுப்பூசிக்கு ஈடாகாது, இரண்டும் வேண்டும். தடுப்பூசி பெற்ற உடல் பிறபொருளெதிரிகளை ஆக்குவதும் உணவிலிருந்து கிடைக்கும் அமினோ அமிலங்களைக் கொண்டேயாகும்.