உங்களுக்குத் தெரியுமா? உள்ளே முழுக்க நீலம்!

போர்ச்சுகலின் தென்கோடியான அல்கார்வ் பகுதியில், அல்மான்சில் ஊருக்கு அருகே இருக்கிறது சாவோ லோரென்சோ தேவாலயம். வெளியே சுண்ணாம்பு வெள்ளை. பெரிதாக ஒன்றுமில்லை என்று கடந்து போய்விடலாம். உள்ளேயோ சுவர், கூரை வளைவு, குவிமாடம் எங்கும் நீல-வெள்ளை ஓடுகள். ‘அசுலேஜு’ எனப்படும் இவற்றை வரைவது லேசல்ல. சுடாத வெண்பூச்சின் மேல் கோபால்ட் சாயத்தால் தீட்ட வேண்டும். மாவு போன்ற அந்தப் பூச்சு தொட்டவுடனே சாயத்தை உறிஞ்சிவிடும்; அழித்துத் திருத்த வழியில்லை. சூளைக்குப் போய் வந்த பிறகுதான் நீலம் பளிச்சிடும்.

1730இல் இவற்றைத் தீட்டிக் கையெழுத்தும் போட்டவர் பொலிகார்ப்போ டி ஒலிவேரா பெர்னார்தெஸ். கி.பி. 258இல் ரோமில் கொல்லப்பட்ட புனித லாரன்ஸின் கதைதான் சுவர்களில்: ஏழைகளுக்குக் காசு கொடுக்கிறார், பார்வையற்றோரைக் குணமாக்குகிறார், கடைசியில் இரும்புக் கம்பிச் சட்டத்தில் கிடத்தி நெருப்பில் வாட்டப்படுகிறார். குவிமாடத்திலோ வழவழப்பான ஓடுகளே செதுக்கிய கல் அலங்காரம்போலக் கண்ணை ஏமாற்றும். கதைக் காட்சிகளைவிட இந்தக் கண்கட்டு வித்தைக்கே முதல் பரிசு தரலாம். 1755 நவம்பர் 1 அன்று அல்கார்வை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்திலும் ஓடுகள் பெரும்பாலும் தப்பிவிட்டன.