எப்போது உட்காரவைப்பது?

கேரளத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி முதலிய பஞ்சாயத்துக்களில், வீட்டுக்குள் தமிழும் வாசலைத் தாண்டினால் மலையாளமுமாகக் காலங்கழிக்கும் குடும்பங்களில், குழந்தை தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்ததும் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே ஒரு விவாதம் தவறாமல் எழும். “ஏனம்மிணி, பொழுதன்னைக்கும் இந்த டயாப்பரைக் கட்டி வெச்சிருந்தா, பையன் எப்பத்தான் சொல்லிப் பழகுவான்?” என்பாள் மூத்தவள். “ரெண்டு வயசாகட்டும்னு டாக்டர் சொன்னாருங்க அத்தை” என்பாள் இளையவள். இருவர் கட்சியிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று இருவரும் நினைத்துக்கொண்டிருப்பதுதான் சண்டைக்கு மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம்.

மூத்தவள் மனத்தில் இருப்பது அவள் தன் தாயிடம் கண்டு கற்ற வித்தை. புறக்கடைப் படியிலோ கிணற்றடிக் கல்லிலோ அமர்ந்து, கால்களை நீட்டி, பாதங்களைச் சற்றே அகட்டி, கணைக்கால்களின்மீது சிசுவை முகம் தன்னை நோக்க இருத்தி, இரு கைகளாலும் அதன் அக்குளைத் தாங்கிக்கொண்டு ‘ஸ்ஸ்’ என்று மெல்ல ஒலியெழுப்பினால், பால் குடித்த சிறிது நேரத்திற்கெல்லாம் காரியம் முடிந்துவிடும். ஒரு செம்பு நீரில் குழந்தையும் சுத்தம், தன் கால்களும் சுத்தம். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. இரைப்பை நிரம்பியதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது தேக தர்மம். அந்த வேளையில் நாள்தோறும் ஒரே நிலையில் அமர்ந்து ஒரே ஒலியைக் கேட்கும் சிசு, நாளடைவில் ஒலியையும் செயலையும் பிணைத்துக்கொள்கிறது. கென்யாவின் கடற்கரையோரம் வாழும் டிகோ மக்களும் ஏறத்தாழ இவ்விதமே கால்களை நீட்டி அமர்ந்து, பிறந்த சில வாரங்களிலேயே குழந்தையைப் பழக்கத் தொடங்கி, நாலைந்து மாதத்தில் பலனையும் எதிர்பார்க்கிறார்கள் என்று டீவ்ரீஸ் என்னும் குடும்பப் பெயர் கொண்ட ஆராய்ச்சியாளர் இருவர் 1977-ல் எழுதியபோது, மேல்நாட்டு வைத்தியர்கள் வியந்தார்கள். நம் பாட்டிமார் கேட்டிருந்தால் வியந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் பெரும்பகுதி பழகுகிறவள் தாயே. குழந்தை முகம் சுளிப்பதையும், காலை உதைப்பதையும், திடீரென்று விளையாட்டை நிறுத்துவதையும் கவனித்து, அதன் வேளையை அறிந்து தூக்கிக்கொண்டு போகிறவள் அவள். வீட்டில் நாலு பெண்கள், தோளில் எப்போதும் ஒரு குழந்தை என்றிருந்த நாளில் அது சாத்தியமாயிற்று. காலை எட்டரைக்கு வேலந்தாவளத்திலோ பொள்ளாச்சியிலோ வேலைக்குப் பஸ் ஏற வேண்டிய பெண்ணிடம் அதே விழிப்பை எதிர்பார்ப்பது அநியாயம். மேலும், மழை கொட்டும் கேரளத்தில் மழை குறைந்த மூலை இது. 1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் சித்தூர்ப் புழைக்கென ஒதுக்கிய 7.25 டி.எம்.சி. நீரைக் கணக்குப் பார்த்துக் காத்திருக்கும் சீமை. நிலத்தடி நீருக்காக இதே தாலுகாவின் பிளாச்சிமடை மக்கள் 2002-ல் தொடங்கிய போராட்டத்தை உலகமே கேட்டது. லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடிக்கும் வீட்டில் ஈரத்துணிகளை அலசிக்கொண்டே இருப்பது எப்படி? ஆகவே டயாப்பர் வந்ததைச் சோம்பல் என்று பழிக்க எனக்கு மனமில்லை. அதில் ஒரு குறை மட்டும் உண்டு: ஈரத்தை உடனே உறிஞ்சிவிடுவதால், தான் நனைந்தோம் என்ற பிரக்ஞை குழந்தைக்கு மங்கிவிடுகிறது.

இளையவளும் டாக்டரும் பேசுவது வேறொன்று. குழந்தை தானாகவே உந்துதலை உணர்ந்து, சற்று அடக்கி, சொல்லி, நடந்துபோய், ஜட்டியை இறக்கி, உட்கார்ந்து, முடித்து எழுவது. இதற்கு நரம்புகளும் தசைகளும் பேச்சும் ஒருங்கே முதிர வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த முதிர்ச்சி ஒன்றரை வயதுக்குப் பிறகே அரும்பி, இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே கைகூடுகிறது. பெண் குழந்தைகள் பொதுவாகச் சில மாதங்கள் முந்திக்கொள்ளும். அமெரிக்காவில் 1930-களில் தாய்மாருக்கு வழங்கப்பட்ட புத்திமதி, கடிகாரத்தைப் பார்த்துக் குழந்தையை உட்காரவைக்கும் கண்டிப்பாக இருந்தது. பிரேசல்டன் என்ற குழந்தை வைத்தியர் 1,170 குழந்தைகளைக் கவனித்து 1962-ல் வெளியிட்ட கட்டுரையில், நிர்ப்பந்தம் வேண்டாம், குழந்தை தயாராகும் வரை பொறுங்கள் என்று அதைத் தலைகீழாக்கினார். அவர் கண்ட குழந்தைகள் பகலில் சராசரியாக 28 மாத வாக்கில் பழகிவிட்டன. அதே மனிதர் பிற்காலத்தில் பெரிய குழந்தைகளுக்கான டயாப்பர் விளம்பரத்தில் தோன்றியதையும் சொல்லிவிடுகிறேன். பொறுமைக்கு வியாபாரமும் துணைக்கு வரும் போலும். பிலடெல்பியாவில் நடந்து 2003-ல் வெளியான ஆராய்ச்சியோ, 27 மாதத்திற்கு முன்பே மும்முரமாகத் தொடங்கியவர்கள் அதற்காகச் சீக்கிரம் முடித்துவிடவில்லை, பழக்கும் காலம் நீண்டதுதான் மிச்சம் என்று காட்டிற்று.

எனவே பிறந்தநாளைக் கணக்கிடுவதைவிடக் குழந்தையைப் பார்ப்பதே மேல். இரண்டு மணி நேரம் நனையாமல் இருக்கிறதா? கட்டில் மறைவிலோ கதவுக்குப் பின்னாலோ போய் அசையாமல் நின்று முகம் சிவக்கிறதா? ஈரத்துணியை இழுத்து, ‘மாத்து’ என்று முறையிடுகிறதா? அப்படியென்றால் வேளை நெருங்கிவிட்டது. வீட்டில் புதுக் குழந்தை பிறந்த சமயமும், வீடு மாறிய சமயமும், தாய் வேலைக்குப் போகத் தொடங்கிய வாரமும் இதற்கு உகந்தவை அல்ல. இங்கே மார்ச், ஏப்ரல் வெயிலில் குழந்தை ஒரு பனியனோடு ஓடித் திரிவது சகஜமாதலால், அந்த மாதங்கள் சௌகரியமானவை. காலையிலும், சாப்பிட்ட பின்பும், தூங்கி எழுந்ததும், ஐந்து நிமிஷத்திற்கு மேற்படாமல் உட்காரவைத்தால் போதும். பாதங்கள் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். கால் தொங்கினால் வயிற்றுக்கு விசை கிடைப்பதில்லை என்பதால், பெரியவர்களின் கமோடில் அமர்த்துவோர் காலடியில் ஒரு மணைக்கட்டையாவது வைக்க வேண்டும். குந்தி அமரும் நம் கக்கூஸில் இந்தக் குறை இல்லை. ஆனால் அதன் இருண்ட குழியைக் கண்டு தான் உள்ளே விழுந்துவிடுவோமென்று அஞ்சாத குழந்தை அபூர்வம். சில வாரம் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெற்றோர் உண்மையில் அஞ்ச வேண்டியது தாமதத்தைக் கண்டல்ல, மலத்தை அடக்கிவைப்பதைக் கண்டு. ஒருமுறை இறுகிய மலம் வலியோடு வெளிப்பட்டதென்றால், குழந்தை அடுத்த முறை கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, உடம்பை விறைத்து அதை உள்ளேயே நிறுத்துகிறது. பெரியவர்கள் இதை முக்குவதாக எண்ணுவார்கள். குழந்தை செய்வது அதற்கு நேர்மாறு. நிறுத்திய மலம் மேலும் இறுகுகிறது, வலி கூடுகிறது, பயமும் கூடுகிறது. சில நாள் கழித்து, இறுகியதைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து ஜட்டியில் பட, ‘வேண்டுமென்றே செய்கிறான்’ என்று அடி விழுகிறது. அடித்தால் அடக்கம் அதிகரிக்குமேயன்றிக் குறையாது. பாலைக் குறைத்து, பப்பாளி, கீரை, பருப்பு, தண்ணீர் இவற்றைக் கூட்டி, உட்காரவைக்கும் பிரயத்தனத்தைக் கொஞ்ச நாள் அறவே நிறுத்தி, மலம் இளகி வலியின்றி வெளியேறும்படி டாக்டரிடம் மருந்து கேட்பதே வழி.

மூன்று வயதில் அங்கன்வாடி வாசலில் விடும்போது, வீட்டில் குழந்தை எதை எப்படிச் சொல்லும் என்பதை டீச்சரிடமும் ஆயாவிடமும் சொல்லிவிட்டு வாருங்கள். வீட்டில் ‘ஆய்’ என்று சொல்லிப் பழகிய பிள்ளை, மலையாளத்தில் ‘அப்பி’ என்று கேட்கும் ஆயாவிடம் விழித்துக்கொண்டு நின்று ஜட்டியிலேயே போய்விடுவது, பழக்கம் குறைந்ததால் அல்ல. பச்சைக் குழந்தையின் மலத்தில் தோஷமில்லை என்று வாய்க்காலில் எறியும் பழைய எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் அதிலும் உண்டு. குழந்தையை உட்காரவைக்கும் மலப்பானையில் விழுந்ததைக் கக்கூஸில் கொட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவுவதையும் பாடத்தோடு சேர்த்தே கற்பிக்கலாம்.

இரவு வேறு அத்தியாயம். பகலில் தேறிய குழந்தை இரவில் நனைப்பது ஐந்து வயது வரை வியாதியே அல்ல. அதன் பிறகும் பல குழந்தைகள் நனைப்பதுண்டு. தகப்பனோ தாயோ சிறுவயதில் அப்படி இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம்; மாமியாரைத் தனியே கேட்டால் உண்மை வெளிவரும். ரப்பர் ஷீட்டை விரித்து, படுக்குமுன் ஒருமுறை போகச் சொல்லி, காலையில் யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் உலர்ந்திருந்த பிள்ளை திரும்பவும் நனைக்க ஆரம்பித்தாலும், எரிச்சலோ காய்ச்சலோ தீராத தாகமோ கூடவே தென்பட்டாலும், அன்றே டாக்டரிடம் அழைத்துப்போங்கள்.