தேயிலை யந்திர உறுப்புகளுக்கு ஏற்ற மேற்பரப்பு

1867ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலைச் செய்கையைத் தொடங்கிய ஜேம்ஸ் டெயிலர், தமது பங்களா விறாந்தையில் மேசைமீது கொழுந்தைக் கையால் உருட்டச் செய்தார். இன்று நுவரெலியா, அட்டன் பகுதித் தொழிற்சாலைகளில் அவ்வேலையை யந்திரமே செய்கின்றது. தேய்ந்த உறுப்புக்குப் பதிலாகப் புதியதைக் கடையக் கொடுக்கும்போது, "பழையது போலச் செய்க" என்று எழுதுவது போதாது. மேற்பரப்பு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதையும் குறிப்பிடுதல் அவசியம்.

மேற்பரப்பின் சராசரிக் கரடு 'ஆர்.ஏ.' எனப்படும். அது மைக்ரோமீற்றரில், அதாவது மில்லிமீற்றரின் 1000இல் ஒரு பங்கில், அளக்கப்படும். எண் சிறிதாயின் வழுவழுப்பு மிகும்; கூலியும் மிகும். ஆதலால் உறுப்பின் வேலைக்கேற்ப அளவைத் தெரிதல் வேண்டும்.

1. கொழுந்து படும் பரப்பு: கறையில் உருக்கு நன்று. ஆர்.ஏ. 0.8 அல்லது அதற்குக் குறைவாக இருப்பின் சாறு தங்காது, கழுவுதலும் எளிது. சாதாரண இரும்பு கொழுந்துச் சாற்றுடன் சேர்ந்து கருநிறம் உண்டாக்கும். நாகமுலாம் சாற்றின் புளிப்பில் கரையும். வர்ணப்பூச்சோ உரிந்து தேயிலையில் கலக்கும். இவற்றை இவ்விடத்தில் விலக்குக.

2. ஒயில் சீல் பொருந்தும் தண்டு: ஆர்.ஏ. 0.2 முதல் 0.8 வரை சாணை பிடித்தல் வேண்டும். கடைசல் உளியின் திருகுச் சுவடு எஞ்சினால், தண்டு சுழலும்போது அச்சுவடு வழியே எண்ணெய் வெளியேறிக் கொழுந்தில் சொட்டக்கூடும். கண்ணாடிபோல் மிக வழுவழுப்பாக்கினும் தீங்கே. எண்ணெய்ப் படலம் தங்காது சீல் சூடேறிக் கெடும்.

3. எதனோடும் உராயாத வெளிப்பரப்பு: ஆர்.ஏ. 6.3 போதும். இங்கு மெருகிடுதல் வீண் செலவு.

முலாம் பூசும் உறுப்புகளில் வேறொரு கவனம் வேண்டும். 0.02 மில்லிமீற்றர் கனத்தில் குரோமிய முலாம் பூசினால், தண்டின் விட்டம் 0.04 மில்லிமீற்றர் கூடும். வரைபடத்தில் உள்ள அளவு முலாமுக்கு முந்தியதா, பிந்தியதா என்று எழுதாவிடின், தண்டு பேரிங்கினுள் நுழையாது போகலாம்.

ஆகவே பட்டறைக்குத் தரும் தாளில் உலோகம், ஆர்.ஏ. அளவு, சாணையோ கடைசலோ என்னும் செய்முறை, முலாமின் வகையும் கனமும் ஆகிய நான்கையும் எழுதுக. உறுப்பு வந்ததும், கரடு ஒப்பிடும் மாதிரித் தகட்டையும் உறுப்பையும் மாறிமாறி நகத்தால் வருடிப் பார்த்தபின் டீமேக்கர் அதனை ஏற்பாராக. தாளில் எழுதும் இவ்வொரு வரி, ஓர் உருட்டற் கொழுந்து முழுவதையும் காக்கும்.