பழைய ஸ்போர்ட்ஸ் காரின் குரோம்: பம்பரும் கிரில்லும் புதுப்பொலிவு பெறுவது எப்படி?

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பம்பர், அச்சில் அழுத்தி வளைத்த எஃகுத் தகடு. கிரில்லிலும் அதன் அலங்காரத் துண்டுகளிலும் எஃகு, பித்தளை, அலுமினியம், வார்ப்புத் துத்தநாகக் கலவை என்று பல உலோகங்கள் கலந்திருக்கும். இவற்றின் மேல் செம்பு, நிக்கல், குரோமியம் என்ற வரிசையில் ஏறியிருக்கும் முலாம்தான் ‘குரோம்’ என்று பொதுவாக அழைக்கப்படுகிறது. மூன்றிலும் மிக மெல்லியது குரோமியம்தான்: கால் முதல் அரை மைக்ரான் வரை. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கண்ணைப் பறிக்கும் பளபளப்பில் பெரும்பங்கு, அடியில் உள்ள நிக்கலுக்கும் அதற்கும் அடியில் தீட்டப்பட்ட உலோகத்துக்கும் உரியது. நிக்கல் மங்காமலும் கீறல் விழாமலும் காத்து, லேசான நீலச்சாயலைச் சேர்ப்பதே குரோமியத்தின் வேலை.

1920-களின் பிற்பகுதியில்தான் குரோம் கார்களுக்குப் பரவலாக வந்தது. அதற்கு முன் நிக்கல் முலாமும் பித்தளையும் இருந்தன. இரண்டையும் அடிக்கடி தேய்த்துத் துலக்க வேண்டியிருந்தது. குரோம் காலம் முடிந்த விதத்துக்கு இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை உருவான எம்ஜிபி கார் நல்ல உதாரணம். மெல்லிய குரோம் பம்பரும் செங்குத்துப் பட்டைகள் கொண்ட கிரில்லும் அதன் முகமாக இருந்தன. அமெரிக்காவின் புதிய மோதல் பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்க, 1974-இன் பிற்பகுதியில் பெரிய கறுப்பு பம்பர் வந்தது; காரின் உயரமும் கூட்டப்பட்டது. கறுப்பு பம்பரைக் கழற்றிவிட்டுக் குரோம் பம்பரை மாட்டிக்கொள்ளும் எம்ஜிபி உரிமையாளர்கள் இன்றும் உண்டு.

துரு எப்படி வருகிறது?

குரோமியப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளும் துளைகளும் உண்டு. அவற்றின் வழியே ஈரமும் உப்பும் நிக்கலை அடைகின்றன. நிக்கலிலும் ஒரு துளை விழுந்துவிட்டால் அடியில் இருக்கும் எஃகு வெளிப்படும். ஈரத்தில் நிக்கலும் எஃகும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம்போல இயங்கும். அதில் அரிக்கப்படுவது எஃகு. சுற்றிலும் நிக்கல் பரப்பு பெரிது, வெளிப்பட்ட எஃகு ஊசிமுனை அளவு. ஆகவே அரிப்பு முழுவதும் அந்த ஒரு புள்ளியில் குவிந்து ஆழமாக இறங்கும். மேலே கடுகளவு பழுப்புப் புள்ளியாகத் தெரிவது, அடியில் பெரிய குழியாக இருப்பது இதனால்தான்.

இதைத் தடுக்க நல்ல முலாம் பட்டறைகள் நிக்கலை இரண்டு அடுக்காக ஏற்றும். மேலடுக்கில் சிறிதளவு கந்தகம் இருக்கும். கீழடுக்கில் அநேகமாக இருக்காது. அரிப்பு மேலடுக்கையே முதலில் தின்பதால், கீழே இறங்காமல் பக்கவாட்டில் பரவும். எஃகைச் சென்றடையப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

துலக்கினால் போதுமா?

மேலோட்டமான துருவுக்கு மறுமுலாம் தேவையில்லை. அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே பழுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் போய்விடும். அலுமினியம் குரோமியத்தைவிட மிகவும் மென்மையானது என்பதால் கீறல் விழாது. முரட்டு எஃகுக் கம்பளியைப் பயன்படுத்தக் கூடாது. அது கீறுவதோடு, உதிரும் இழைகள் தாமும் துருப்பிடிக்கும். துருவை நீக்கியபின் துளைகள் அப்படியே இருக்கும் என்பதால் உடனே மெழுகு பூச வேண்டும். முலாம் கொப்புளித்தாலோ, உரிந்தாலோ, விரலில் குழி தட்டுப்பட்டாலோ மறுமுலாம் ஒன்றே வழி.

கழற்றலும் அடையாளம் காணலும்

ஒவ்வொரு துண்டும் எந்த உலோகம் என்று முதலில் தெரிய வேண்டும். காந்தம் ஒட்டினால் பெரும்பாலும் எஃகு. ஒட்டாமல் கனமாக இருந்தால் பித்தளை அல்லது துத்தநாகக் கலவை; பின்பக்கத்தைச் சுரண்டினால் மஞ்சளா சாம்பலா என்பது தெரிந்துவிடும். லேசாக இருந்தால் அலுமினியம். துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளுக்கு முலாமே வேண்டாம், பாலிஷ் போதும்.

பழைய முலாமை நீக்கும் முறையும் உலோகத்தைப் பொறுத்ததே. எஃகுத் துண்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இறக்கினால் குமிழி கிளம்பும், கரைசல் பச்சையாகும், நீலச்சாயல் மறைந்து நிக்கலின் இளமஞ்சள் தெரியும். அந்த நிக்கலை வேறொரு அமிலத் தொட்டியில், மின்சாரத்தை எதிர்த்திசையில் செலுத்தி எடுப்பார்கள். துத்தநாக வார்ப்பை இப்படி வலுவான அமிலத்தில் இட்டால் துண்டே கரைந்துபோகும்.

ஒடுக்கு எடுப்பதும் தீட்டுவதும்

மொத்த உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான். நசுங்கிய பம்பரை அடியில் தாங்குக்கட்டை கொடுத்து, சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி ஒடுக்கு எடுக்க வேண்டும். ஓட்டைகளும் கிழிசல்களும் வெல்டிங்கில் அடைபடும். பிறகு முரட்டு உப்புத்தாளில் தொடங்கிப் படிப்படியாக நுண்ணியதற்குப் போய், கடைசியில் துணிச் சக்கரத்தில் பஃபிங் செய்வார்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் கோடுகளை முழுவதும் அழித்திருக்க வேண்டும். பெயின்ட் வேலையைப் போல இங்கே பட்டி வைத்து மறைக்க முடியாது: பட்டியில் மின்சாரம் பாயாது, முலாமும் ஏறாது. கை சற்றே அதிகமாக அழுத்தினாலும் பம்பரின் கூர்விளிம்பு மழுங்கி, காரின் முகமே மாறிவிடும்.

துத்தநாக வார்ப்பில் குழிகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மேலே செம்பு ஏற்றி, குறைந்த வெப்பத்தில் உருகும் பற்றாசை வைத்து நிரப்பி, மீண்டும் செம்பு ஏற்றித் தீட்டுவார்கள். குழி மறையும்வரை இது தொடரும். எஃகு பம்பரைவிடச் சிறிய வார்ப்புத் துண்டுக்குக் கூலி அதிகமாவது இதனால்தான்.

முலாமுக்கு அனுப்புமுன் எல்லாத் துண்டுகளையும் ஒருமுறை காரில் பொருத்திப் பார்ப்பது கட்டாயம். முலாம் ஏறியபின் பம்பரை வளைத்தால் மேற்படலம் வெடிக்கும்.

மூன்று தொட்டிகள்

முதலில் செம்பு. எஃகையோ துத்தநாகத்தையோ நேராக அமிலச் செம்புக் கரைசலில் இறக்கினால், மின்சாரம் பாய்ச்சாமலே செம்பு பொடிபொடியாகப் படியும், அது ஒட்டாது. எனவே வழக்கமாகச் சயனைடு கரைசலில் மெல்லிய செம்பு அடுக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, அமிலச் செம்பில் தடிமன் கூட்டுவார்கள். செம்பு மென்மையானது என்பதால் மிச்சமிருக்கும் நுண்கீறல்களை இந்தக் கட்டத்தில் மறுபடி தீட்டி நீக்கலாம். அடுத்தது நிக்கல்.

கடைசித் தொட்டியில் லிட்டருக்குச் சுமார் 250 கிராம் குரோமிக் அமிலமும், அதில் நூற்றில் ஒரு பங்கு கந்தக அமிலமும் இருக்கும். வெப்பம் 40 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். சில நிமிடங்களே போதும். செலுத்தும் மின்சாரத்தில் குரோமியத்தைப் படியவைப்பது 10 முதல் 20 சதவீதம்தான். பெரும்பகுதி ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதில் செலவாகிறது.

கிரில் சோதனையாவது இங்கேதான். மின்சாரம் முனைகளையும் விளிம்புகளையும் நாடும். இடுக்குகளுக்குள் எளிதில் போகாது. கிரில் பட்டைகளின் முகப்பில் முலாம் தடித்து, இடைவெளிகளின் உட்பக்கம் வெறுமையாக நின்றுவிடும். முடிந்தால் பட்டைகளைத் தனித்தனியே பிரித்து முலாமிடுவார்கள். முடியாதபோது இடுக்குகளுக்கு அருகே துணை நேர்மின்வாய்களை வைப்பார்கள்.

நச்சும் மாற்றும்

குரோமிக் அமிலத் தொட்டியிலிருந்து குமிழ்களோடு எழும் குரோமியம்-6 சாரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. மூக்கின் நடுச்சுவரையே அரித்துத் துளையிடும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததிலிருந்து இதன் வீரியம் தமிழகத்துக்குத் தெரியும். ஆகவே குரோம் முலாமிடுவது வீட்டுக் கொல்லையில் செய்யக்கூடிய வேலை அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் குரோமியம்-6 பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியுள்ளது. மாற்றாக வந்துள்ள குரோமியம்-3 கரைசல்கள் அவ்வளவு நச்சானவை அல்ல. ஆனால் நிறம் சற்று மாறுபடலாம். ஒரே காரில் பம்பரை ஒரு முறையிலும் கிரில்லை இன்னொரு முறையிலும் முலாமிட்டால் வெயிலில் வித்தியாசம் தெரியக்கூடும்.

பொருத்தலும் பராமரிப்பும்

பம்பரின் பின்புறம் முலாம் எப்போதும் மெலிதாகவே இருக்கும். துரு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். மாட்டுவதற்கு முன் அந்தப் பக்கத்துக்குப் பெயின்ட் அல்லது துருத்தடுப்பு மெழுகு பூச வேண்டும். உலோகத்தோடு உலோகம் உரசும் இடங்களில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பட்டை வைக்க வேண்டும். அதன்பின் மென்மையான சோப்பு நீரும், நன்றாக ஈரம் போகத் துடைப்பதும், ஆண்டுக்குச் சில முறை மெழுகும் போதும். சொரசொரப்பான பாலிஷை அடிக்கடி போட்டால் அரை மைக்ரான் குரோமியம் சீக்கிரமே தேய்ந்து, நிக்கலின் மஞ்சள் தலைகாட்டும்.